இரண்டாம் ஆட்டம் விட்டு வரும் வழி

சி.ஐ.டி. படம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எங்கள் ஊரான பொட்டிப்புரத்தில் அன்றைக்கு ஆடுகள் கொஞ்சம் முன்னதாகவே பட்டிக்குத் திரும்பிவிடும். பக்திப் படம் என்றால் பெண்கள் கூட்டம் அதிகம். குடும்பப் படத்துக்கு இளவட்டங்கள் அவ்வளவாகக் கிளம்ப மாட்டார்கள். சி.ஐ.டி. படத்துக்கு அப்படிப் பிரிவினை எதுவும் கிடையாது. சண்டை இருக்கும், சிரிப்பு இருக்கும், விளக்கு மின்னும் இயந்திரங்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் முடிந்து வீடு வந்து சேரும்வரை பேசுவதற்குச் சரக்கு இருக்கும்.

அந்தப் பேச்சைத்தான் எழுத நினைக்கிறேன். படங்கள் எங்கும் போய்விடவில்லை. தேடினால் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு எங்கள் சனங்கள் சொன்ன அபிப்பிராயங்கள் போய்விட்டன. யாரும் அவற்றை எழுதி வைக்கவில்லை. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை.

எங்கள் ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் நெல்வயலும் நினைவுக்கு வரும். அது முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கூடலூர், கம்பம், சின்னமனூர்ப் பக்கம். நாங்கள் மேற்கு ஓரம், மலையடிவாரம். பெரும்பாலும் மானாவாரிதான். சோளம், நிலக்கடலை, மொச்சை, தட்டாம்பயறு. மழை ஏமாற்றினால் ஆடுதான் கைகொடுக்கும். ஊருக்குப் பக்கத்தில் அம்பரப்பர் மலை. அதற்கும் மேற்கே தொடர் மலை, அதைத் தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டம். படம் பார்க்க வேண்டுமென்றால் தேவாரத்துக்குப் போக வேண்டும். போகும்போது வண்டியோ சைக்கிளோ கிடைக்கும். இரண்டாம் ஆட்டம் விட்டுத் திரும்பும்போது நடைதான்.

கீற்றுக் கொட்டகை. தரையில் மணல். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு குட்டைச்சுவர். வெளியே கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வழியில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் ஓட்டமெடுப்பார்கள். உள்ளே போனதும் முதல் வேலை மணலைக் கூட்டிக் குவித்து மேடு கட்டுவது. முன்னால் உட்காருகிறவன் அதைவிட உயரமாக மேடு கட்டினால் சண்டை வரும். ஒரே ஒரு புரொஜக்டர். ஆகவே சுருள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும், முறுக்கும் கடலை மிட்டாயும் வரும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடியது. குச்சி தேயத் தேய ஆபரேட்டர் அண்ணன் அதைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணயர்ந்தால் திரை மஞ்சளாகி மங்கும், விசில் பறக்கும். மதுரையில் ஓடித் தீர்ந்து, தேனி, போடி எல்லாம் சுற்றிவிட்டுத்தான் படப்பெட்டி எங்களிடம் வரும். அதற்குள் கீறல் விழுந்து படத்தில் மழை பெய்யத் தொடங்கியிருக்கும்.

விளக்கு எரியும் அந்த இடைவெளிகளில்தான் அபிப்பிராயங்கள் முளைக்கும். குட்டைச்சுவருக்கு மேலாக அப்பத்தா ஏதாவது கேட்பாள். ஆண்கள் பக்கமிருந்து யாராவது பதில் சொல்வார்கள். அடுத்த சுருள் ஆரம்பித்ததும் பேச்சு அடங்கும். படம் முடிந்து ஊர் எல்லை வரும்வரை மிச்சப் பேச்சு நடக்கும்.

ஜெய்சங்கர் படங்கள் அடிக்கடி வரும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ 1966-இல் வந்தது, ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970-இல். எங்கள் கொட்டகைக்கு அவை பிற்பாடும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன, நான் பார்த்தது அப்படித்தான். ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நடித்த ஏ. சகுந்தலாவுக்கு அன்றிலிருந்து சி.ஐ.டி. சகுந்தலா என்றே பெயர் நிலைத்துவிட்டது. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ஜெய்சங்கரைப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஊரில் ஜேம்ஸ்பாண்டைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஜெய்சங்கரை ஜெய்சங்கராகவே பார்த்தோம். ஒல்லியான ஆள், சிரித்தமேனிக்கே அடிப்பார், அடித்துவிட்டு முடியைக் கோதிக்கொள்வார். அவரை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வகைப் படங்களில் வில்லனுக்கு ஒரு ரகசிய இடம் இருக்கும். பெரும்பாலும் மலைக்கு உள்ளேயோ பூமிக்கு அடியிலேயோ. சுவர் தானாகத் திறக்கும். உள்ளே வரிசையாகப் பல நிறத்து விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு அப்பத்தா, “இம்புட்டு வெளக்குப் போட்டு வச்சிருக்கானே, அந்தக் கரண்டுக்கு யாரு காசு கட்டுறா? எங்கிருந்து கம்பி இழுத்தான்?” என்றாள். எங்கள் தெருவுக்கே மின்கம்பம் வராமல் இருந்த காலம் அது. அவள் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. கம்பி வராமல் விளக்கு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். மலைக்குள் இத்தனை ஆட்கள் இருந்தால் சோறு எங்கே ஆக்குகிறார்கள், தண்ணீர் எங்கேயிருந்து மொள்ளுகிறார்கள் என்றும் தொடர்ந்து கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ திரைவிமர்சனம் படித்துவிட்டேன். அந்த வகைப் படத்தைப் பற்றி அவ்வளவு சரியான கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

மலைச் சண்டைகளுக்கு ஆடு மேய்க்கிற மாமாதான் தீர்ப்புச் சொல்வார். “மலையில எறங்குறவன் இப்படிக் குதிகால ஊன்ட மாட்டான். ஊன்டுனான்னா கல்லு உருண்டு அவனும் சேந்து உருளுவான்.” சாக்கலூத்து மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு நடந்தே போய்வந்தவர்கள் அவர் சொல்வதை ஆமோதிப்பார்கள். கடத்தல் காட்சிகளைப் பற்றிப் பேச எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி மலையேறிப் போவதும், சோதனைச்சாவடியில் போலீஸ் மறிப்பதும், வண்டி மாறுவதும் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, சுருட்டும் கையுமாக நிற்கிற கடத்தல்காரனைத் திரையில் பார்த்ததும், “இவன் ஒரு நடைகூடத் தாண்ட மாட்டான்” என்பார்கள். ஆனாலும் முழுப் படத்தையும் ரசித்துப் பார்ப்பார்கள். இரண்டும் சேர்ந்துதான் இருந்தது.

எம்.ஜி.ஆரின் ‘ரகசிய போலீஸ் 115’ வேறு தினுசு. 1968 பொங்கல் சமயத்தில் வந்த பி.ஆர். பந்துலு படம். ஜெயலலிதா, நம்பியார், நாகேஷ். அதற்கு முந்தைய ஆண்டு சனவரியில்தான் எம்.ஜி.ஆர். குண்டடி பட்டுப் பிழைத்திருந்தார். குரல் மாறிப்போன அந்த மனிதரைத் திரையில் பார்த்து, என் பெரியம்மா வயதுப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். அந்தப் படத்தை அவர்கள் எடைபோட்டதில்லை. பிழைத்து வந்தவரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1984 தேர்தலில் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடியே அவர் ஆண்டிபட்டியில் வென்றார். 1989-இல் சேவல் சின்னத்தில் நின்று ஜெயலலிதா போடியில் வென்றார். ‘115’ படத்தின் சோடி இரண்டுமே எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள். போடிப் பிரச்சாரம் நடந்த நாட்களில் பெரியம்மா அந்தப் பழைய படத்தைக் காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டே களையெடுத்ததை நான் கேட்டிருக்கிறேன். இருபது வருசத்துக்கு முன் பார்த்த படத்தின் மீது அப்போதுதான் அவர் தன் அபிப்பிராயத்தை முடிவு செய்தார்: நாகேஷுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

நான் நெருங்கிப் பார்த்த சி.ஐ.டி. படம் என்றால் அது 1986-இல் வந்த ‘விக்ரம்’.

படம் வருவதற்கு முன்பே அது எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. குமுதத்தில் சுஜாதா அதைத் தொடராக, படத்தின் புகைப்படங்களோடு எழுதினார். முடிவெட்டும் கடையில் வாரம் ஒரு குமுதம் வரும். முடிவெட்ட வருகிறவர்களைவிடப் படிக்க வருகிறவர்கள் அதிகம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தம்போட்டுப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அக்னிபுத்ரன் என்ற ஏவுகணையை ஒரு கும்பல் கடத்திக்கொண்டு போய்விடுகிறது, மனைவியைப் பறிகொடுத்த உளவாளி விக்ரம் அதைத் தேடிப் போகிறான், கூட ஒரு கம்ப்யூட்டர் படித்த பெண். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று அந்தக் கடையில் நடந்த விவாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவுக்கு அது தினசரி சமாச்சாரம். அங்கே அவர் முன்னின்று உருவாக்கிய வாக்குப்பதிவு இயந்திரத்தில் பின்னாளில் அந்தக் கடைக்காரரே ஓட்டுப் போட்டார். 1986-இல் எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்பது முழுக்க முழுக்கக் கதைப் பொருள்.

இன்னொரு பெருமையும் இருந்தது. இசை இளையராஜா. பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். ராசய்யாவாக இருந்த அவரையும் அவர் அண்ணன் பாவலர் வரதராஜனையும் கட்சிக் கூட்ட மேடைகளில் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். பாட்டு எழுதிய வைரமுத்து வடுகபட்டிக்காரர். கமல்ஹாசனே பாடிய தலைப்புப் பாட்டில் வந்த அந்த மின்னணு ஓசைகளை முதன்முதலாகக் கேட்டபோது டீக்கடையில் ஒரு பெரியவர், “தப்பையும் ஆர்மோனியத்தையும் வச்சு ஊரக் கூட்டுன பய இன்னைக்கு மிசினப் பாட வச்சுட்டான்டா” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு அழகான இசை விமர்சனம் அது.

பெட்டி வந்த அன்று ஊரில் பாதி தேவாரத்தில் இருந்தது. முதல் பாதி முழுக்கக் கொட்டகை மூச்சுவிடவில்லை. ‘காக்கிச் சட்டை’யில் ‘தகடு தகடு’ என்று கேட்டு எல்லார் வாயிலும் நுழைந்துவிட்டிருந்த சத்யராஜ் இதில் சுகிர்தராஜாவாக வந்தார். அவர் வந்தபோதெல்லாம் கதாநாயகனுக்கு விழுகிற அளவு விசில் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு கதை சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குப் போனது. ராஜஸ்தான் மணல், கோட்டை, அம்ஜத்கான் ராஜா, டிம்பிள் கபாடியா இளவரசி. சண்டைப் படம் மெல்லச் சிரிப்புப் படமாக மாறியது.

திரும்பும் வழியில் சண்டை அதைப் பற்றித்தான். அமாவாசை கழிந்த நாட்கள், தீப்பந்தம் போல ஒருவர் கையில் டயர் துண்டு எரிந்துகொண்டிருந்தது.

“மொதப் பாதிய எடுத்தவன் வேற, ரெண்டாம் பாதிய எடுத்தவன் வேற மாப்ள” என்றார் மாமா.

“ராக்கெட்டத் தேடிப் போனவய்ங்க அதை மறந்துட்டு ஆட்டம் பாட்டம்னு ஆயிட்டாய்ங்க. ஒரு நாட்டோட உசுரு அதுல இருக்குதுல்ல?” என்றார் முடிவெட்டும் கடைக்காரர். தொடரைப் படித்தவர் என்ற முறையில் அவர் பேச்சுக்கு அன்று மரியாதை.

எல்லாரும் சலாமியா பாதி வீண் என்று முடிவு கட்டிவிட்ட நேரத்தில் என் சித்தப்பா மட்டும், “அந்தப் பாதிதான்ப்பா படம்” என்றார். யாரும் அவரைப் பேசவிடவில்லை. ஊர் எல்லையில் நின்று அவர் விளக்கினார்.

சித்தப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவார். தோட்டத்தில் மேல்பார்வை பார்க்கிறவர் மலையாளி, காய் எடுக்கிற பெண்கள் எங்கள் ஊர்க்காரிகள். நடுவில் நின்று இந்தப் பேச்சை அங்கேயும் அந்தப் பேச்சை இங்கேயும் சொல்வது சித்தப்பாவின் வேலை. சனிக்கிழமைச் சம்பளத்தில் அட்டை கடித்த காலோடு நிற்கிற பெண்ணிடம் மேல்பார்வையாளர் காய் பிஞ்சும் பழமுமாய்க் கலந்துகிடக்கிறது என்று கத்துவார். சித்தப்பா அதைத் தமிழில் சொல்லும்போது, “அடுத்த வாரம் பாத்து எடுக்கச் சொல்றாரு தாயி” என்று ஆகியிருக்கும். அந்தப் பெண் திருப்பிக் கொடுக்கிற வசவு மலையாளத்தில் போகும்போது வணக்கமாக ஆகியிருக்கும். இரண்டு பக்கத்துக் கோபமும் அவருக்குள் தங்கிவிடும். கூலி குறையாமல் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்கள்.

‘விக்ரம்’ படத்தில் சலாமியாக்காரர்கள் பேசுவதைத் தமிழில் சொல்கிற ஆளாக ஜனகராஜ் வருவார். கொட்டகையே சிரித்த அந்தக் காட்சிகளில் சித்தப்பா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்று சித்தி பிறகு சொன்னாள். “ரெண்டு பாசைக்கும் நடுவுல நிக்கிறவனச் சினிமாக்காரன் மொதத் தடவையாக் காட்டிருக்கான். ராக்கெட்டு நமக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் தெரியாது. அந்த ஆளு நெலமை எனக்குத் தெரியும்” என்றார் சித்தப்பா. டயர் துண்டு அணைந்துவிட்டது. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

பிற்காலத்தில் அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எல்லாக் கட்டுரைகளும் மாமா சொன்னதையே சொல்லின: முதல் பாதி விறுவிறுப்பு, சலாமியா சறுக்கல். அதுவே நிலைத்த அபிப்பிராயம். சித்தப்பாவுடையது எங்கேயும் இல்லை.

1989 மே மாதம் அக்னி ஏவுகணையை ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து வெற்றிகரமாகச் செலுத்தினார்கள். டீக்கடை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது, “நம்ம விக்ரம் மீட்டுக் கொடுத்தது” என்று யாரோ சொல்ல, ஒருநாள் முழுக்க மறுபடியும் அதே படத்தைப் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகு அப்படிக் கூடிப் பேசியது எனக்கு நினைவில் இல்லை. டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து மந்தையில் விடிய விடிய மூன்று படம் போடும் வழக்கம் வந்தது. பிறகு கேபிள். கொட்டகைக் கீற்றைப் பிரித்தார்கள். படம் வீட்டுக்கே வந்ததும் நடை இல்லாமல் போனது. நடை இல்லாமல் போனதும் பேச்சும் போனது.

ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சு திரும்பி வந்தது. 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். இடம் எங்கள் அம்பரப்பர் மலை. பக்கவாட்டில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, மலையின் வயிற்றுக்குள் கூடம் அமைத்து, அதில் 50,000 டன் இரும்புக் கருவியை வைப்பார்கள் என்றார்கள். நியூட்ரினோ பெரும்பாலும் எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் துகள், நம் உடம்பு வழியாகவே ஒவ்வொரு நொடியும் எண்ணிலடங்காமல் போய்க்கொண்டிருக்கிறது, மற்ற கதிர்களை வடிகட்டத்தான் மேலே இத்தனை பாறை வேண்டும் என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். 1965-இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்தத் துகளின் தடத்தை நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். அதெல்லாம் மதிப்புக்குரிய அறிவு. நான் அதைத் தேடித் தேடிப் படித்தேன்.

மந்தையில் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்கியது. மலைக்கு உள்ளே கூடம், அதற்குள் இயந்திரம், தானாகத் திறக்கும் கதவு என்று கேட்டதும் பெரியவர்களுக்கு ஜெய்சங்கர் படம் நினைவுக்கு வந்தது. சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கேள்விகள் வந்தன. வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்ன ஆகும்? தண்ணீர் எங்கேயிருந்து எடுப்பார்கள்? வேலி போட்டுவிட்டால் ஆடு எங்கே மேயும்? குடைந்த கல்லை எங்கே கொட்டுவார்கள்? சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போன சனங்கள் விஞ்ஞானத்தைக் கண்டு மிரளுகிறார்கள் என்று வெளியிலிருந்து வந்த சிலர் பேசியபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்விகள் அத்தனையும் அப்பத்தா குட்டைச்சுவருக்கு மேலாகக் கேட்டவைதான். திரையில் கட்டிய மலையிடமே அவற்றைக் கேட்டவர்கள், தாங்கள் மேய்ச்சலுக்குப் போகும் மலைக்காகக் கேட்காமல் இருப்பார்களா? நிலத்தைச் சுற்றி வேலி வந்தது, சாலை வந்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, அடுத்த ஆண்டே மத்திய அரசு புதிதாக அனுமதி கொடுத்தது, 2022-இல் தமிழக அரசு இந்தத் திட்டத்துக்கு இடம்கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அறிவியலுக்கும் ஊருக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் எடுத்துச் சொல்ல, சித்தப்பா போன்ற ஓர் ஆள் அந்த ஆண்டுகளில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியது.

அதே 2022 சூன் மாதம் லோகேஷ் கனகராஜ் எடுத்த புதிய ‘விக்ரம்’ வந்தது. சித்தப்பாவையும் அத்தையையும் காரில் ஏற்றித் தேனிக்குக் கூட்டிப்போனேன். குளிரூட்டிய அரங்கு, காதடைக்கும் சத்தம். விளக்கு எரிந்ததும் எல்லாரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டே எழுந்தார்கள். நட்சத்திரக் கணக்கில் அபிப்பிராயம் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். நான் வேண்டுமென்றே காரை மெதுவாக ஓட்டினேன்.

அத்தைதான் ஆரம்பித்தாள். வீட்டு வேலை செய்கிறவளாக வந்து, சமயம் வந்ததும் ஏஜெண்ட் டீனாவாக நின்று அடிக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி. பல வருசம் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிய வசந்தி என்ற நடனக் கலைஞர் அவர் என்று நான் சொன்னதும் அத்தைக்கு இன்னும் பிடித்துப்போனது. “பாத்திரம் தேச்சு, மாவாட்டி, வெறகு பொளந்த கையி. அந்தக் கைக்கு எம்புட்டு பலம்னு இவனாச்சும் காட்டுனானே. மத்தவய்ங்க சண்டையெல்லாம் துப்பாக்கிச் சண்டைதான, அதுல என்ன இருக்கு” என்றாள்.

சித்தப்பா வீரபாண்டி தாண்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும் யார்ட்டயும் பேசிப் பாக்கவே இல்லையேப்பா, எடுத்ததுமே சுட்டுட்டாய்ங்க” என்றார். அத்தை அதை ஒத்துக்கொள்ளவில்லை. பேசிப் பார்க்கிற இடமா அது, பிள்ளையைத் தூக்க வந்தவனிடம் என்ன பேச்சு என்றாள். சின்னமனூர் வந்தது, தேவாரம் வந்தது, இரண்டு பேரும் விடவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் சித்தப்பா காரின் சன்னலைப் பிடித்துக்கொண்டு, டீனா முதலில் அந்த ஆட்களிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று அத்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.